மலையில் காற்று கம்மியாம், நங்கையா

காட்டெருமை வழிமறித்து நின்றாலும் ஹாரன் அடிக்காமல், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "சித்த ஒதுங்கிக்குங்க சாமி" என்று கேட்டுக்கொண்ட என் அருமை நங்கையாவுக்கு,

நலமா என்று கேட்கும் இடத்தில் நீங்கள் இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கோபம். உங்கள் காரால் வந்த கோபம், ஆனால் கார் மேல் இல்லை. அதை யாரிடமாவது கொட்டாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். கேட்பதற்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவது கோயம்புத்தூர்ப் பக்கத்து வழக்கம். நான் கூப்பிட்டதைக் கேட்டு, உங்கள் பெயரே அதுதான் என்று நினைத்து, இந்த மலையூர் அரவேணுவின் கடைவீதி முழுக்க உங்களை நங்கையா என்றது. காய்கறிக்காரர்கூட "நங்கையா, பீன்ஸ் வந்திருக்குதுங்க" என்பார். இப்போதும் காரைப் பார்த்தால் "நங்கையா வண்டி போகுது" என்கிறார்கள். ஓட்டுவது நான். பெயர் உங்களுடையது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கடைவீதிக்கு ஏறும் அந்த மேட்டில் இப்போது அவர் நின்று நின்றுதான் வருகிறார். யாராவது எதிரில் வந்தால் பேசுவதற்காக நின்றதுபோல் காட்டிக்கொள்வார். ஆள் இல்லாவிட்டால் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பார். அது குழாய்க்கிணறு தோண்டுகிற கம்பெனியின் நோட்டீஸ். நம் வீட்டில் யார் குழாய்க்கிணறு தோண்டப் போகிறார்கள்? டாக்டரிடம் போகலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்.

"மலையில காத்து கம்மிடா. வயசான பொறகு இப்படித்தான் இருக்கும்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் நீங்கள் கிளார்க்காக இருந்தீர்கள். ஆபீசிலிருந்து ரோட்டுக்கு ஏறி வரும் படிகளில் ஒருநாள் உட்கார்ந்துவிட்டீர்கள். மூச்சு வாங்குகிறது என்றீர்கள். டவுனில் இருந்த டாக்டரிடம் உங்களை நான்தான் கூட்டிப்போனேன். அவர் உங்கள் நெஞ்சில் குழாயை வைத்த வேகத்திலேயே எடுத்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார். அன்னூர் என்றீர்கள். அவ்வளவுதான், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலையில் காற்று கம்மியாகத்தான் தெரியும், ஆக்சிஜன் பற்றாது, பயப்பட ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீங்கள் இந்த மலையில்தான் இருந்தீர்கள். பாதி ஆயுள் இந்தக் காற்றைத்தான் சுவாசித்தீர்கள். அத்தனை வருஷம் போதுமானதாக இருந்த காற்று திடீரென்று அந்த வாரத்தில் மட்டும் பற்றாமல் போகுமா? ஸ்கேன் ஏதாவது எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க டாக்டருங்களா?" என்றார். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆபீசில் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அண்ணனும் சொன்னார். காற்று கம்மி, பழகிக்கோ. கடைசியில் கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தபோது, இதயத்தின் வால்வு சுருங்கி ஊசிக்காது அளவுக்கு ஆகியிருந்தது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்று அந்தப் பெரிய டாக்டர் உங்களையே குறை சொன்னார். நீங்கள் முன்னாலேயே சொன்னீர்கள். எல்லோரிடமும் சொன்னீர்கள். கேட்கத்தான் ஆளில்லை. கேட்க ஆள் கிடைத்தபோது நேரம் மிஞ்சவில்லை, நீங்கள் போய்விட்டீர்கள்.

இப்போது கார் கதைக்கு வருகிறேன்.

போன மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்த நேரம். ஒரு காலையில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜினில் ஏதோ கோளாறு என்று சொல்கிற விளக்கு. பெட்ரோல் குடிப்பதும் அதிகமானது. சைலன்சர் வாயில் கரி அப்பிக்கொண்டது. ஏற்றத்தில் வண்டி திக்கித் திக்கி ஏறியது. டவுனில் ஒரு பட்டறைக்கு ஓட்டிப்போனேன். பட்டறைக்காரர் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று மாற்றிவிட்டார். கழற்றியதை என்னிடம் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். உங்கள் வண்டியிலிருந்து எடுத்ததை அவருடைய குப்பையில் போட மனசு வரவில்லை.

ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. பிறகு விளக்கு மறுபடி எரிந்தது. கீழே சமவெளியில் ஏசி போட்ட அறையில் உட்காரவைத்துக் காபி கொடுக்கிற பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கேயும் அதே கருவி, அதே பதில். பட்டறையில் போட்டது மட்டமான சென்சார் என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். மலை ஏறி வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு எரிந்தது. காபி மட்டும்தான் நன்றாக இருந்தது.

மறுபடி முதல் பட்டறைக்கே போனேன். அவர் போனட்டைத் திறக்கக்கூட இல்லை.

"ஏனுங்க, இது வண்டி கோளாறே இல்லீங்க. மலையில காத்து கம்மி. ஆக்சிஜன் பத்தாம சென்சார் கொழம்பிப் போகுது. பழைய வண்டி வேற. அந்த லைட்டப் புடுங்கி உட்டுட்டா ஒரு தொல்லையும் இல்லீங்க."

நங்கையா, என் காது அடைத்துப்போனது. அச்சு அசலாக அதே வாக்கியம். அதே அலட்சியம். உங்களுக்குச் சத்து மாத்திரை, உங்கள் காருக்கு விளக்கைப் பிடுங்குவது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊட்டி முழுக்க ஓடுகிற வண்டிகள் வேறு எந்தக் காற்றில் ஓடுகின்றன, அவற்றுக்குக் கீழேயிருந்து லாரியில் காற்று வருகிறதா என்று சத்தம் போட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்க மெக்கானிக்குங்களா?" என்றார்.

இந்தத் தடவை நான் கிளம்பவில்லை. கருவி என்ன சொல்கிறது, ஆக்சிஜன் குறைவு என்கிறதா, அதிகம் என்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் எதற்கு என்றார். பார்த்துச் சொல்லுங்கள் என்று அங்கேயே நின்றேன். சலித்துக்கொண்டே செருகிப் பார்த்தார். புகையில் ஆக்சிஜன் அதிகம் என்று காட்டியது.

அதிகம். கேட்டீர்களா நங்கையா? காற்று கம்மி என்றால் சென்சார் ஆக்சிஜன் குறைவு என்றுதானே புலம்ப வேண்டும்? இது அதிகம் அதிகம் என்று கத்திக்கொண்டிருக்கிறது. ஆக்சிஜன் என்ற ஒரு சொல்லைப் பார்த்ததும் இந்த மலைக்காரர்கள் எல்லோருக்கும் மூளை நின்றுபோகிறது. அதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது, பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஊரில் கூடத்துக்குப் பதிலாகக் காற்று.

அன்றைக்கு முடிவு செய்தேன். உண்மையான கோளாறைக் கண்டுபிடித்து அண்ணன் கண் முன்னால் வைப்பது. இந்த வாக்கியம் ஒரு இடத்திலாவது பொய் என்று அவர் பார்த்தால், தன் மூச்சு விஷயத்திலும் யோசிக்க மாட்டாரா? அதற்காகத்தான் இவ்வளவும். கார் ஓடுவது எனக்கு இரண்டாம் பட்சம்.

கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் படித்தேன், படங்கள் பார்த்தேன். விஷயம் எளிமையானது. இன்ஜினில் எரிந்து வரும் புகை ஒரு இரும்புக் குழாய் வழியாக வெளியேறுகிறது. அந்தக் குழாயில் சென்சார் திருகியிருக்கிறது. எரிந்த புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது பார்த்து இன்ஜினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்சம் அதிகம் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் இன்னும் பெட்ரோல் விடும். அதனால்தான் கரி, அதனால்தான் பெட்ரோல் செலவு. சரி, சென்சார் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். புகையில் அதிகப்படி ஆக்சிஜன் எங்கிருந்து வரும்? சென்சாருக்கு முன்னாலேயே குழாயில் எங்காவது ஓட்டை இருந்து, வெளிக்காற்று உள்ளே போக வேண்டும்.

காலையில் வண்டி சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, போனட்டைத் திறந்து காதைக் கொடுத்தேன். டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். சூடு ஏறியதும் அது நின்றுவிட்டது. இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை முக்கால்வாசி மூடிக்கொள்கிறது போலிருக்கிறது; சத்தம் நின்றாலும் காற்று கொஞ்சம் நுழைகிறது. பட்டறைக்கு ஓட்டிப்போகும்போது வண்டி சூடாகத்தானே இருக்கும்? அவர்கள் காதில் எப்படி விழும்? ஆனால் ஒருவராவது, காலையில் சத்தம் வருகிறதா என்று என்னைக் கேட்டிருக்கலாம். உங்களை ஒருவராவது, படுத்தால் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா?

பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பதுபோல இதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. காரைத் தண்ணீரில் முக்க முடியாது. தண்ணீரைத்தான் காருக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ள, வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை பாபுவிடம் போனேன். அவருக்கு ஒரே சிரிப்பு. சைலன்சருக்குக் காற்றடிக்க வந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். அண்ணனும் பின்னாலேயே வந்தார். எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தார். அவர் வந்தால் போதும் என்று இருந்தேன்.

சைலன்சர் வாயில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றுக் குழாயைச் செருகி மெதுவாகத் திறந்தோம். ஷாம்பு கலந்த தண்ணீரை அண்ணன் கையில் கொடுத்து, இன்ஜினை ஒட்டிய குழாய் மேல் தெளிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே தெளித்தார். முதலில் ஒன்றும் இல்லை. பாபு இன்னும் கொஞ்சம் காற்றைத் திறந்தார். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், மயிரிழை போன்ற ஒரு விரிசலிலிருந்து நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. துடைத்துவிட்டுத் தெளித்தாலும் அதே இடத்தில் மறுபடி வந்தது.

அண்ணன் குனிந்து அந்த விரிசலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அந்த சென்சார் பொய் சொல்லலையாடா?"

"இல்லீங்கண்ணா. உள்ளதைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு."

"அதையா ரெண்டு தடவ மாத்துனோம்?"

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். படித்து என்ன பயன்? அண்ணன் ஷாம்புத் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஏற்றத்தில் ஒரு மின்கம்பத்தருகே நின்றார். அதிலும் அதே கம்பெனியின் நோட்டீஸ். இந்தத் தடவை நோட்டீஸைப் படிக்கவில்லை. சும்மா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விரிசல் விட்ட குழாய்க்குப் பதிலாக, பழைய வண்டிகளின் சாமான் விற்கிற கோயம்புத்தூர்க் கடையிலிருந்து நல்லதாக ஒன்று வரவழைத்து மாட்டச் செய்தேன். புதிதாகப் போட்ட சென்சாரையும் கழற்றச் சொல்லிவிட்டு, உங்கள் வண்டியில் முதலில் இருந்ததையே திரும்பப் போடவைத்தேன். அது வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதைக் குற்றவாளி என்றார்களே, அதே ஆளை அதே நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

இன்று காலை கோத்தகிரி வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று அண்ணனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறினோம். வண்டி திக்கவில்லை. மஞ்சள் விளக்கு எரியவில்லை. கோத்தகிரிக்குப் போய்த் திரும்பும்போது அண்ணன் ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல், விளக்கு எரியாத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"படுத்தா மூச்சு முட்டுதுடா. தலகாணிய அடுக்கி வெச்சு உக்காந்துதான் தூங்கறேன். அவளும் அப்படித்தான் தூங்கினா."

பக்கத்து அறையில் படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. எப்போதிலிருந்து, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் கத்தவில்லை.

"சொன்னா காத்து கம்மின்னு சொல்லுவாங்க. அவளுக்கு நானே அதத்தானே சொன்னேன். எனக்கு மட்டும் எந்த மூஞ்சிய வெச்சிட்டு டாக்டரு வேணுங்கறது?"

நங்கையா, நீங்கள் இருந்திருந்தால் அவரை என்ன செய்திருப்பீர்கள்? என்னால் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. உங்களுக்குச் செய்ததற்குத் தண்டனையாக மனிதர் தன் மூச்சைத் தானே கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்படி ஒரு நியாயத்தை யார் கேட்டார்கள்? நீங்களா கேட்டீர்கள்? உங்களைப் போல அவரும் போய்விட்டால் கணக்கு நேராகிவிடுமா?

வண்டியைக் கிளப்பினேன். அரவேணு வந்தது. நம் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை. சட்டையாவது மாற்றிக்கொள்கிறேன் என்றார், காதில் வாங்கவில்லை. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் நீங்கள் அடிப்பதுபோலவே ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி, நேராகக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்தான் நிறுத்தினேன்.

இதை அங்கே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணனை உள்ளே படுக்கவைத்திருக்கிறார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னால் மேஜையைக் கவிழ்த்துவிட்டு ஜெயிலுக்குப் போவது என்ற முடிவோடு உள்ளே போனேன். அவர் குழாயை அண்ணன் நெஞ்சில் வைத்தார், முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று அவராகவே கேட்டார். அண்ணன் தயங்கித் தயங்கி, மலையில் காற்று கம்மி, அதனால் இருக்குமோ என்றார்.

"மலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க ஐயா. இதயம் சரியா பம்ப் பண்ணல, நெஞ்சுல நீர் கோத்திருக்குது. மருந்து குடுக்கலாம். நல்ல வேளை வந்துட்டீங்க."

இவ்வளவுதான் நங்கையா. சத்தம் போடாமல், சண்டை போடாமல், யாரையும் தோற்கடிக்காமல் ஒரு பெண் சொல்லிவிட்டார். சம்பந்தமே இல்லைங்க. இந்த ஒரு வாக்கியம்தானே உங்களுக்குத் தேவைப்பட்டது? இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லையா உங்களுக்கு? அண்ணன் பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இது இவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று தெரிந்த பிறகு என் கோபம் அடங்கவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது. வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

அண்ணனை மூச்சோடு மேலே கூட்டி வருகிறேன். அவரை அந்த ஏற்றத்தில் நடக்கவிடாமல் நானே காரில் கொண்டுபோய் இறக்குவேன். அவர் வீட்டில் உட்கார்ந்த மறுநாள், டவுனில் அந்த டாக்டரிடம் டோக்கன் வாங்கி, என் முறை வரும் வரை காத்திருந்து, அவர் எதிரில் உட்காருவேன். உங்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். நான் டாக்டர் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பெண் அந்தப் படியேறுவதற்குள் நான் அங்கே போயிருப்பேன். இது சத்தியம், நங்கையா.

உங்கள் கோபம் தணியாத கொழுந்தன்,
சிவராசு